எரிச்சல் பட்ட இடம் கறுக்கும்

முகத்தில் எதையும் பூசுவதற்கு முன் கொஞ்ச நேரம் நான் வெறுமனே பார்ப்பேன். தலைமுடிக்கு பேண்டு போட்டுப் பின்னால் ஒதுக்கி, ஈரப் பஞ்சால் பவுடரைத் துடைத்துவிட்டு, லென்ஸ் விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து வைத்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். நெற்றியில் முடி தொடங்கும் கோட்டை ஒட்டி அரிசி நொய் மாதிரிப் பொடிப்பொடியாக இருந்தால், தலைக்கு வைக்கிற எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்குகிறது. தாடையை ஒட்டியே பருக்கள் வந்துகொண்டிருந்தால், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்பேன். இரண்டு கன்னமேட்டிலும் ஒரே மாதிரி பழுப்பு படர்ந்திருந்தால் மங்கு. மேலுதட்டுக்கு மேல் மட்டும் கறுத்திருந்தால், அங்கே நூலோ மெழுகோ அடிக்கடி பட்டிருக்கிறது. படுத்திருப்பவர் "எந்த ஃபேஷியல் போடப் போறீங்க அக்கா, கோல்டா, ஃப்ரூட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கு நான் கடைசியில்தான் பதில் சொல்வேன்.

மதுரையில் பார்லர் நடத்துகிறவள் நான். என்னிடம் வருகிற முகங்கள் பெரும்பாலும் மாநிறம், கறுப்பு. இந்தத் தோலைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நிறத்தைத் தருகிற மெலனினைச் செய்யும் செல்கள் வெள்ளைக்காரர்களுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. நம்முடையவை கூடுதலாக வேலை செய்கின்றன, அவ்வளவுதான். வெயிலிலிருந்து நம்மை ஓரளவு காப்பாற்றுவது அதுதான். ஆனால் அந்தச் செல்களுக்கு ஒரு சுபாவம் உண்டு. தோலில் எரிச்சல் எந்த வழியில் வந்தாலும், பரு, சூடு, கீறல், ரசாயனம் எதுவானாலும், சாயத்தை அதிகமாகச் சுரந்து அந்த இடத்தில் கொட்டிவிடும். பரு ஒரு வாரத்தில் அடங்கும். அது விட்டுப்போன கறை மங்க மாதக்கணக்காகும். சாயம் தோலின் அடியடுக்குக்கு இறங்கிவிட்டால் கறை சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும். அது போக வருடங்கள்கூட ஆகும்.

அதனால் வெளுப்பதற்காக நாம் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை கறுக்க வைக்கின்றன. இதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். நான் இந்தக் கட்டுரையை எழுதுவதும் இதைச் சொல்லத்தான்.

எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதால், முகத்தில் விடுவது எவ்வளவு காட்டமான திரவம் என்று பாருங்கள். அதோடு எலுமிச்சையில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கக்கூடியவை. சாறு வழிந்த தடத்திலேயே, சொட்டு விழுந்த வடிவத்திலேயே கறை பிடித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்பசோடா எதிர்ப்பக்கத்துத் தொல்லை; தோலின் அமிலத்தன்மையையே அழித்துவிடும். பருவின் மேல் டூத்பேஸ்ட் வைக்கிற பழக்கமும் இன்னும் போகவில்லை. பரு காய்ந்துபோவது உண்மை. சுற்றியிருக்கும் தோலும் சேர்ந்து வெந்துபோவதும் உண்மை.

நலங்கு மாவும் பயத்தமாவும் நம் வீட்டுச் சரக்கு, அதில் என்ன கெடுதல் என்று பெரியவர்கள் கேட்பார்கள். எனக்கும் அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் பாட்டி அதை எண்ணெய்க் குளியலன்று, உடம்பில் எண்ணெய் ஊறியிருக்கும்போது தேய்த்தார். மாவைத் துணியில் சலித்தார். இன்று மிக்ஸியில் அரைத்த கொரகொரப்பான பொடியை, எண்ணெய்ப் பசையே இல்லாத முகத்தில், தினமும் காலையில் அழுத்தித் தேய்க்கிறோம். பெயர்தான் அதே பெயர். வாரம் ஒரு நாள், நைஸாகச் சலித்த மாவைப் பாலிலோ தயிரிலோ குழைத்து, தேய்க்காமல் பூசி, காய்வதற்கு முன்பே கழுவிவிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

சோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். எங்கள் புறநகர்ப் பக்கம் போர் தண்ணீர் வேறு. உப்பும் சுண்ணாம்பும் சோப்போடு சேர்ந்து முகத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். கழுவி முடித்ததும் முகம் விர்ரென்று இழுக்கும். அந்த இழுப்பைத்தான் பலர் சுத்தம் என்று நினைக்கிறார்கள். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே கொழுப்புப் பூச்சு ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற அழுக்கும் மருந்தும் உள்ளே போகாமலும் தடுப்பது அதுதான். இழுப்பு என்றால் அந்தப் பூச்சு கழுவிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். நுரை அதிகம் வராத சாதுவான ஃபேஸ்வாஷ், ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். கழுவிய ஈரம் முழுதாகக் காய்வதற்குள் கிளிசரின் கலந்த சாதாரண மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழிகிற முகத்துக்கும் இது வேண்டும். ஜெல்லாகப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

பிளாக்ஹெட் எடுப்பதுதான் எங்கள் வேலையில் கை நுணுக்கம் அதிகம் வேண்டியது. மூக்கின் மேல் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக எல்லோருக்கும் இருப்பது பிளாக்ஹெட்டே இல்லை. எண்ணெய்ச் சுரப்பி தன் எண்ணெயை வெளியே அனுப்புகிற வழி. அதை அழுத்தி எடுத்தால் சில வாரங்களில் மறுபடி நிரம்பிவிடும். எடுக்க எடுக்கத் துளைதான் பெரிதாகும். உண்மையான பிளாக்ஹெட் தனியாக, கறுத்த தலையோடு, கொஞ்சம் மேடாக நிற்கும். அதற்கு மட்டும் ஐந்து நிமிட ஆவி. மங்கு இருப்பவர்களுக்கு ஆவியே கிடையாது, சூடு மங்கைக் கிளப்பும். பிறகு இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் டிஷ்யூவைச் சுற்றிக்கொண்டு, துளைக்கு மேலே அழுத்தாமல், இரண்டு பக்கமும் தோலை முதலில் கீழ்நோக்கி அமுக்கி, அப்புறம் ஒன்றை நோக்கி ஒன்றை நகர்த்த வேண்டும். வருகிற நேரம் வந்திருந்தால் மெழுகுத் திரி மாதிரி முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். இரண்டாவது அழுத்தலுக்கும் வரவில்லையா, விட்டுவிட வேண்டும். மூன்றாவது அழுத்தலில் வருவது ரத்தம். ரத்தம் வந்த இடம் கறுக்கும். என்னிடம் பழக வரும் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. விடுவதற்குப் பழக்குவதுதான் கஷ்டம். வாடிக்கையாளர் கண்ணாடியில் பார்த்து "இங்க ஒண்ணு விட்டுட்டீங்களே" என்பார்களே என்ற பயம் அவர்களுக்கு.

ப்ளீச் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து முகத்தில் இருக்கிற பூனைமுடியைப் பொன்னிறமாக்குகின்றன. முடி கறுப்பாகத் தெரியாததால் முகம் பளிச்சென்று தெரிகிறது. தோல் துளியும் வெளுப்பதில்லை. மாநிறத்துக்குக் கீழே இருக்கிற முகத்தில் பொன்னிற முடி தனியாக மின்னும் என்பதால் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இனி, என்னை மிகவும் வருத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஜவுளிக்கடையில் சேல்ஸில் நிற்கிற பெண் ஒருத்தி வந்தாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை நிச்சயம். ஒரு ப்ளீச்சும் ஃபேஷியலும் போட்டு விடுங்க" என்றாள். பவுடரைத் துடைத்ததும் கன்னம் சிவந்து கிடந்தது. லென்ஸில் பார்த்தால் மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகக் கிளை பிரிந்து ஓடுகின்றன. கன்னத்தோல் காகிதமாக மெலிந்திருக்கிறது. அந்த வயதுக்கு இருக்கக் கூடாத அளவுக்குப் பக்கவாட்டில் முடி. நெற்றியில் எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள். வெறும் தண்ணீர்ப் பஞ்சு பட்டதற்கே "எரியுதுக்கா" என்றாள்.

"என்னம்மா பூசுற?"

"ஒண்ணும் இல்லக்கா. நைட் க்ரீம்தான். மெடிக்கல்ல வாங்குறது. கூட வேலை பாக்குற பிள்ளைங்க எல்லாம் அதான் போடுறாங்க."

டியூபைக் கொண்டுவரச் சொன்னேன். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெடசோன் மூன்றும் சேர்ந்தது. மங்குக்கு மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும், கண்காணித்துக்கொண்டே தருகிற மருந்து. மொமெடசோன் ஒரு ஸ்டீராய்டு. பூசிய முதல் வாரத்தில் முகம் மினுமினுக்கும். வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பாராட்டுதான் தூண்டில். மாதங்கள் போகப் போகத் தோல் மெலியும், பரு கிளம்பும், முடி வளரும், வெயிலில் நிற்க முடியாது. பயந்துபோய் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் சிவந்து வீங்கி எரியும். மறுபடி பூசினால் அடங்கும். அதனால் மறுபடி பூசுவார்கள். இதை மருத்துவர்கள் ஸ்டீராய்டால் பழுதான முகம் என்றே பெயர் வைத்து அழைக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அந்தப் பெண் எந்தச் சீட்டும் இல்லாமல்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நான் எதுவும் போடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வைத்து எடுத்துவிட்டு, க்ரீமைத் திடீரென்று நிறுத்தாதே, டாக்டரைப் பார்த்து அவர் சொல்கிறபடி குறை என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை, காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள் என்று அனுப்பினேன். அழுதாள். நிச்சயதார்த்தத்துக்கு என்ன செய்வது என்பதுதான் அவள் கவலை. அவள் முகத்தை மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள், சம்மதித்தும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் அந்தப் பயம். பெண்ணின் நிறத்தைப் பேச்சில் எடுக்கிற ஒவ்வொரு வீடும் இந்த டியூபை விற்றுக்கொடுக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தயாரித்தவர் முகவரியும் பேட்ச் எண்ணும் இல்லாத டப்பாக்கள் இதைவிட ஆபத்து. அவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். 2023-ல் கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது கண்டுபிடிக்கப்பட்டுச் செய்தியானது. முகத்தில் பூசுவது முகத்தோடு நிற்பதில்லை.

எங்கள் கைக்கு அப்பாற்பட்ட சில விஷயங்களும் கட்டிலில் வந்து படுக்கும். பின்கழுத்து வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்திருப்பதைத் தேய்த்து எடுக்கச் சொல்லித் தாய்மார்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். "ஒழுங்காத் தேச்சுக் குளிக்க மாட்டேங்குறா" என்று பிள்ளைக்குத் திட்டு வேறு. அது அழுக்கே இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். எடையைக் கவனிக்கவும் சர்க்கரை பார்க்கவும் சொல்லி அனுப்புகிறேன். பொட்டு வைக்கிற இடத்தில் வெள்ளை விழுந்து வருகிறவர்களும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கிற ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நிறச் செல்களையே அழித்துவிடுகிறது. அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஃபேஷியல் எதற்கு என்று கேட்பீர்கள். கோல்ட் ஃபேஷியலில் இருக்கிற தங்கம் தோலுக்குள் போவதில்லை, பழம் பூசினால் வைட்டமின் இறங்குவதில்லை. மசாஜில் ரத்த ஓட்டம் கூடி, மேலே இறந்த செல்கள் போய், ஈரம் ஏறி, முகம் சில நாள் தெளிவாக இருக்கும். அதைச் சொல்லித்தான் காசு வாங்குகிறேன். இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, வீட்டுக்குப் போய் மறுபடி நிற்கிற பெண்கள் ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுப்பது இங்கேதான். நெற்றிப்பொட்டில் கை வைத்ததும் தூங்கிவிடுவார்கள். அந்தத் தூக்கத்தை நான் கலைப்பதில்லை.

எல்லோருக்கும் தவறாமல் சொல்வது சன்ஸ்க்ரீன். எஸ்பிஎஃப் 30 போதும். தோலைச் சுடவைக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தை அது தடுக்கும். 50 வாங்கினால் 98. எண்ணைவிட அளவுதான் முக்கியம்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். மங்கு இருப்பவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள சன்ஸ்க்ரீனாகக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும்.

கல்யாணப் பெண்களுக்கு என் கணக்கு தனி. கறை குறைய வேண்டுமானால் தேதி குறித்த உடனே, மூன்று மாதமாவது முன்னால் வர வேண்டும். கடைசி ஃபேஷியல் ஒரு வாரம் முன்பு. புருவம் இரண்டு மூன்று நாள் முன்பு. முந்தின நாள் முகத்தில் புதிதாக எதுவும் படக் கூடாது. "இவ்வளவு காசு வாங்கிட்டு இன்னைக்கு ஒண்ணுமே போட மாட்டேங்குறீங்களே" என்று கூட வந்த அத்தையோ சித்தியோ கட்டாயம் கேட்பார்கள். நாளைக்கு மேக்கப் பல மணி நேரம் உட்கார வேண்டிய தோல் இது, இன்றைக்கு எரிய விட முடியாது என்று சொல்லி, மாய்ஸ்சரைசரை மட்டும் பூசி, பெண்ணை மருதாணிக்கு உட்காரச் சொல்கிறேன்.