ஸ்டோனர் மாளிகையின் கூரையடி அறை

ஆங்கில நாட்டுப் பெருங்குடும்பங்களின் வரலாற்றை வாசிக்கும்போது நமக்கு ஒருவகைச் சலிப்புத் தோன்றுவதுண்டு. இன்னார் மகன் இன்னார், இன்ன அரசர் இன்ன நிலத்தை அளித்தார், இன்னார் இந்த முகப்பைக் கட்டினார் என்று பட்டியல் நீளும். ஆக்ஸ்போர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மடியில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ஸ்டோனர் குடும்பத்தின் வரலாறும் அப்படித்தான் தொடங்குகிறது. நிலம், கம்பளி வாணிகம், வசதியான இடத்துச் சம்பந்தம். பதினாறாம் நூற்றாண்டுக்கு வரும்போதுதான் பட்டியலின் தன்மை மாறுகிறது. பெற்றவற்றின் கணக்கு நின்று, இழந்தவற்றின் கணக்கு தொடங்குகிறது.

முதலாம் எலிசபெத் அரசியாரின் காலம். அரசின் ஆலயத்திற்குச் செல்லாதவர்களுக்கு மாதம் இருபது பவுண்டு அபராதம் என்று 1581-இல் சட்டம் வந்தது. அதிலும் ஒரு நுட்பம்: நான்கு வாரத்திற்கு ஒரு மாதம் என்று கணக்கிட்டதால் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்! பள்ளியாசிரியர் ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்து இருபது பவுண்டு பெற்றாலே அது நல்ல ஊதியமாயிருந்த காலம் அது. 1585-க்குப் பிறகோ, குருவுக்கு அடைக்கலம் தந்தவருக்கே மரணதண்டனை.

அந்த 1581-ஆம் ஆண்டிலேதான் இயேசு சபைக் குருவான எட்மண்ட் கேம்பியனின் இலத்தீன் நூல் அச்சாவதற்கு ஸ்டோனர் மாளிகையின் கூரையடி அறை இடந்தந்தது. அதே சபையைச் சேர்ந்த அண்டிரிக்கு அடிகளார் மூன்றாண்டுகளுக்கு முன், 1578-இல், கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூலை அச்சிட்டு வெளிப்படையாகவே மக்களிடம் தந்தார். கேம்பியனுடைய நூலுக்கு அந்தப் பேறு இல்லை. ஜூன் 27 அன்று ஆக்ஸ்போர்டு புனித மரியா ஆலயத்திற்கு வந்தவர்கள், தங்கள் இருக்கைகளில் அந்நூலின் படிகள் கிடப்பதைக் கண்டார்கள். நானூறுக்கும் மேல் என்பர். அடுத்த மாதமே கேம்பியன் வேறோர் இல்லத்தில் பிடிபட்டார். ஆகஸ்டில் ஸ்டோனர் மாளிகை சோதனையிடப்பட்டது. அச்சுப்பொறியும் போயிற்று; அச்சிட்டவர்களோடு அவ்வீட்டு மகன் ஜானும் சிறைக்குப் போனார். டிசம்பர் முதல் நாளன்று டைபர்னில் கேம்பியன் மறைசாட்சியானார். 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

ஆனால் நம் மனம் அவரைவிட அந்த வீட்டுத் தலைவியிடமே தங்கிவிடுகிறது. செசிலி ஸ்டோனர் கணவனை இழந்த முதியவர். விசாரித்தவர்களிடம் அவர் கூறிய மறுமொழியின் சாரம் இதுதான்: தாம் சிறுமியாயிருந்தபோது மதித்துப் போற்றப்பட்ட வழிபாடு, ஆட்சிகள் மாற மாற விலக்கப்பட்டதையும் மீண்டும் வந்ததையும் கண்டாயிற்று, தாம் கற்ற முதல் வழியிலேயே நிற்பதாக உத்தேசம். இதில் வாதம் ஏதுமில்லை. கேம்பியனின் நூலில் பத்து நியாயங்கள் உண்டு. இந்த அம்மையாருக்கு ஒன்றே போதுமாயிருந்தது.

இத்தகைய குடும்பங்களில் எல்லாரும் வீரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நிலத்தைக் காப்பதற்காகக் குடும்பத்தலைவர் அரசின் ஆலயத்தில் தலைகாட்டிவிட்டு வருவதும், மனைவி வீட்டிலிருந்து மறைவாகத் திருப்பலி காண்பதும் அந்நாளில் பரவலாக நடந்தவையே. அவர்களைக் கோழைகள் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. வீடு பறிபோயிருந்தால் குரு ஒளிய இடம் ஏது? வாய்திறவாத சமையற்காரர்களையும் குதிரைக்காரர்களையும் குடும்பப் பட்டியலில் காணோம். ஒரு சொல் வெளியிலே சிந்தியிருந்தால் போதும்.

அபராதம் கட்டக் கட்ட நிலங்கள் கரைந்தன. பொதுப்பதவிகளின் கதவு 1829 வரை அடைத்தே கிடந்தது. 1839-இல் குடும்பத்திற்குக் கமாய்ஸ் பிரபு என்னும் பழைய பட்டம் மீண்டது. கைவிட்டுப் போகவிருந்த மாளிகையை 1978-இல் ஏழாம் கமாய்ஸ் பிரபு மீட்டுக்கொண்டார். அவரே 1998-இல் அரண்மனைத் தலைமை அதிகாரியானார். மதப்பிரிவினைக்குப் பின் அப்பதவியேற்ற முதல் கத்தோலிக்கர். செசிலி அம்மையாருக்குத் தண்டம் விதித்த அதே அரியணையின் இல்லத்தில்!

மாளிகையை ஒட்டிய சிற்றாலயம் மதப்பிரிவினைக்கு முற்பட்டது. அங்கே கத்தோலிக்கத் திருப்பலி நின்றதேயில்லை என்பது குடும்பத்தின் பெருமை. அதிலுள்ள சிலுவைப்பாதை நிலைகளைச் செதுக்கியவர் இரண்டாம் உலகப் போரின் போலந்துக் கைதி ஒருவர். அளித்தவர் நாவலாசிரியர் கிரகாம் கிரீன்.