தட்டில் கிடக்கிற தாள்

பதினொரு பேருக்கு ஒரே பிரின்ரர் இருக்கிற ஒப்பீஸில் வேலை செய்திருக்கிறீங்களா? எங்களுடையது தேத்தண்ணி ஊத்துற மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் பிரின்ற் குடுத்திட்டு எழும்பிப் போறதுக்கிடையில், தேத்தண்ணிக்கு வந்த நாலு பேர் உங்கட தாளைப் பார்த்து முடிச்சிருப்பினம். வேணுமென்று பார்க்கிறதில்லை. தன்ர தாளைத் தேடுறவர் மற்றவையின்ர தாளையும் புரட்டத்தானே வேணும்.

அங்கே ஒரு அக்கா, லீவுக் கடிதத்தோடு வைக்க ஒரு கிளினிக் றிப்போட்டைப் பிரின்ற் குடுத்தா. தாள் முடிஞ்சு மெசின் நின்றுவிட்டது. அவவுக்கும் ஒரு கோல் வர, வெளிக்கிட்டுப் போயிட்டா. பின்னேரம் யாரோ தாள் போட, நின்ற வேலை தன்பாட்டில் வெளியே வந்தது. அவ தன்ர அம்மாவுக்கே சொல்லாத கதை அடுத்த நாள் ஒப்பீஸ் முழுக்கத் தெரியும். ஒருத்தரும் நேரே கேட்கவில்லை. எல்லாரும் அளவுக்கு மிஞ்சி அன்பாக இருந்தார்கள். அதுதான் அவவுக்குத் தாங்கேலாமப் போச்சு. இரண்டு மாதத்தில் வேலையை விட்டிட்டா.

இதுக்கு வழி அந்த மெசினுக்குள்ளேயே இருந்தது. அனுப்பின வேலையை உடனே அடிக்காமல் பிடிச்சு வைத்திருந்து, நாங்கள் முன்னால் போய் நின்று பின் நம்பரை அமத்தின பிறகுதான் தாளைத் தருகிற வசதி. றிக்கோவில் இதை 'லொக்ட் பிரின்ற்' என்பார்கள், கனனில் 'செக்கியூர்ட் பிரின்ற்', கியோசெராவில் 'பிரைவேற் பிரின்ற்'. ஒப்பீஸ் மெசின்கள் பலதில் இருக்கு. பிரின்ற் குடுக்கிற பெட்டியில் 'புரொப்பர்ட்டீஸ்' உள்ளே தேடுங்கோ. லினக்ஸ் என்றால், கப்ஸில் வரிசைக்கு வருகிற எல்லா வேலையையும் விடச் சொல்லும் வரை நிற்க வைக்கலாம்.

இதை மேலே சொன்னபோது வந்த பதில்: "ஒளிக்க ஒண்டும் இல்லாதவைக்கு என்னத்துக்குப் பின் நம்பர்?"

கேட்டவருக்குத் தனி அறை. அறைக்குள்ளே தனிப் பிரின்ரர்.

பிறகு 2022 வந்தது. மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். அப்போதுதான் எங்கட ஒப்பீஸிலும் பின் நம்பர் கட்டாயமானது. அக்காவை நினைத்து இல்லை. அடிச்சுப்போட்டு எடுக்காமல் விட்டுப்போற தாளை மிச்சம் பிடிக்க. அதே மார்ச்சில்தான் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதைப் பற்றி எங்கட இடத்தில் ஒரு கதையும் இல்லை.

பின் நம்பர் போட்டால் எல்லாம் மறைஞ்சிடும் என்றும் இல்லை. தாள் வெளியே வராவிட்டாலும் கோப்பின் பெயர் வரிசையில் மற்றவைக்குத் தெரியலாம். அதனால் 'கிளினிக் றிப்போட்' என்று சேவ் பண்ணாமல் 'படிவம் 2' என்று ஏதாவது வையுங்கோ. பெரிய மெசின்களில் பிடிச்சு வைக்கிற வேலை உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்கில்தான் போய் இருக்கும். அமெரிக்காவில் ஒரு மருத்துவக் காப்புறுதி நிறுவனம், வாடகைக்கு எடுத்த போட்டோகொப்பி மெசின்களை டிஸ்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்ததால், 2013 இல் 12 இலட்சம் டொலருக்கு மேல் கட்ட வேண்டி வந்தது. எங்கட பழைய மெசின் போன வருசம் லொறியில் ஏறிப் போனது. டிஸ்கைக் கழற்றினதா என்று கேட்டேன். "அதுக்குள்ள டிஸ்க் இருக்கா?" என்றார்கள்.