கான்ஸாஸ் சமவெளியில் ஒரு வரவேற்பு

அமெரிக்காவின் கான்ஸாஸ் ராஜ்யத்தில், விசிட்டா நகரத்திலிருந்து வடகிழக்கே அறுபது மைல் பிரயாணம் செய்தால், இரு மருங்கிலும் தொடுவானம் வரை விரிந்து கிடக்கும் கோதுமை வயல்களுக்கு நடுவே, ஊர் வருவதற்கு வெகு முன்பே தன் கூர்ங்கோபுரத்தைக் காட்டிவிடுகிற ஒரு செங்கல் தேவாலயமும், அதைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளுமாக, பில்ஸன் என்னும் சிற்றூர் இருக்கிறது. பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய செக் விவசாயிகள், தங்கள் பூர்விக தேசத்து நகரம் ஒன்றின் பெயரையே இதற்குச் சூட்டிக்கொண்டார்கள். விசிட்டாவின் விமானத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினீயராக இருக்கும் என் தங்கை மகன், "மாமா, இந்த ராஜ்யத்தில் பார்க்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்" என்று கூறி என்னை அழைத்துப் போனான். தேவாலயத்தின் முன்புறத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. காயம்பட்ட போர்வீரன் ஒருவனை அணைத்துத் தாங்கி நடத்திச் செல்லும் ஒரு பாதிரியாரின் உருவம் அது.

அவர் பெயர் எமில் கபான். 1916-ல் இந்த ஊரையடுத்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்து, குருப்பட்டம் பெற்று, ராணுவத்தில் சேர்ந்த அவர், கொரியப் போர் நடந்த 1950 நவம்பர் மாதத் தொடக்கத்தில், வட கொரியாவின் உன்ஸான் என்னுமிடத்தில் சீனப் படைகள் அமெரிக்கப் பட்டாளத்தைச் சூழ்ந்துகொண்டபோது, தப்பிப் போக வழியிருந்தும் போகாமல், காயமுற்றவர்களோடு தங்கிச் சிறைப்பட்டார். கணுக்கால் முறிந்து கிடந்த ஒரு ஸார்ஜென்டைச் சுடுவதற்குத் துப்பாக்கியை நீட்டிய எதிரி வீரனைக் கையால் ஒதுக்கிவிட்டு, அந்த மனிதனைத் தூக்கிச் சுமந்துகொண்டு அவர் நடந்தார் என்பது, உயிர் பிழைத்த ஸார்ஜென்டே பின்னாளில் சொல்லி உலகறிந்த சம்பவம். பியோக்டோங் கைதி முகாமில் அந்தக் குளிர்காலத்தில் பட்டினியாலும் நோயாலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்தபோது, கபான் இரவில் காவலர்களின் களஞ்சியத்துக்குள் புகுந்து தானியத்தைத் திருடி வந்து பங்கிட்டார். திருடப் போகுமுன் 'நல்ல கள்வன்' என்று கிறிஸ்தவர்கள் கொண்டாடும் புனித திஸ்மாஸைப் பிரார்த்தித்துக்கொள்வாராம். இடிந்த வீடுகளின் கூரைத் தகட்டைக் கல்லால் தட்டிப் பாத்திரமாக்கி, அதில் நீரைக் காய்ச்சி, நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து, அவர்களுடைய அழுக்குத் துணிகளையும் தாமே துவைத்தார். 1951 மே 23-ந் தேதி, தம்முடைய முப்பத்தைந்தாவது வயதில், அந்த முகாமிலேயே காலமானார்.

அதே யுத்தத்தின் அதே குளிர்காலத்தில் நம் நாட்டவரும் அங்கே இருந்தார்கள் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் செல்ல எனக்கு மனமில்லை. இந்தியா அனுப்பிய 60-வது பாராசூட் மருத்துவப் படைக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ்; பியோங்யாங்கை விட்டு ஐக்கிய நாடுகளின் படைகள் பின்வாங்கியபோது, வைத்தியத் தளவாடங்களைக் கைவிட்டு வர மனமொப்பாமல், ஒரு ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, அவற்றை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்த அந்தக் குழுவின் தீரத்தைக் கொரியாவில் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

1954-ல், போர் நின்ற பின்பு, இரு தரப்பாரும் மாண்டவர்களின் உடல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அமெரிக்கருக்கு இப்படிக் கிடைத்தவற்றையும் சேர்த்து, இன்னாருடையது என்று நிச்சயிக்க முடியாத 800-க்கு மேற்பட்ட உடல்கள் ஹவாய்த் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஹொனலூலுவில் பஞ்ச்போல் என்னும் அவிந்த எரிமலையின் வாயில் அமைந்த தேசிய மயானத்தில், 'அறியப்படாதவர்' என்று பொறித்த கற்களின் கீழ் அடக்கம் செய்யப்பட்டன. கபானும் அந்தக் கற்களில் ஒன்றின் கீழ்தான் கிடந்தார். எலும்புகளைப் பாதுகாப்பதற்காக அக்காலத்தில் தூவிய ரசாயனப் பொடியே, பிற்காலத்தில் மரபணுப் பரிசோதனைக்குப் பெரிய இடையூறாக முடிந்தது. ஆகவே ஹிக்கம் தளத்திலுள்ள ஆராய்ச்சிசாலையின் நிபுணர்கள் வேறு மார்க்கங்களையும் கண்டார்கள். ராணுவத்தில் சேரும்போது க்ஷயரோகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வாலிபர்களின் மார்பை எக்ஸ்ரே படம் எடுத்திருந்தார்கள் அல்லவா? அந்தப் பழைய படங்களில் விழுந்திருக்கும் காறை எலும்பின் வடிவம் மனிதருக்கு மனிதர் வேறுபடுவது. அதைத் தோண்டியெடுத்த எலும்போடு ஒப்பிட்டு ஆளை அடையாளம் காண்கிறார்கள். தாய்வழியாக மட்டுமே இறங்கி வரும் ஒருவகை மரபணுவைக் கொண்டு, சகோதரியின் மக்களிடமும் அவள் மகள் வயிற்றுப் பிள்ளைகளிடமும் உமிழ்நீர் வாங்கிச் சரிபார்க்கிறார்கள். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக 2021 மார்ச்சு மாதம் கபானின் உடல் அடையாளம் காணப்பட்டு, செப்டம்பரில் முதலில் பில்ஸனுக்கும், பிறகு விசிட்டாவுக்கும் வந்தது. குதிரைகள் பூட்டிய பீரங்கி வண்டியில் அவருடைய பேழை கதீட்ரலுக்குச் சென்ற அன்று, தெருவோரத்தில் நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்களுள் என் மருமகனும் ஒருவன்.

கபான் பிரசித்தி பெற்றவர். ராணுவத்தின் தலைசிறந்த பதக்கத்தை 2013-ல் அவருக்கு அளித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அவரைப் புனிதராக்கும் முயற்சியும் நடந்து வருகிறது. அப்பேர்ப்பட்டவருக்கு ஜனக்கூட்டம் திரண்டதில் ஆச்சரியமில்லை. ஊர் பேர் தெரியாத ஓர் ஏழைப் பையன், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, எலும்பாக வந்து இறங்கினால் அவனை எதிர்கொள்ள யார் இருப்பார்கள் என்பதே என் மனத்தில் எழுந்த கேள்வி. அதற்கு விடை, என் மருமகனின் பக்கத்து வீட்டிலேயே இருந்தது.

அந்த வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதைக் கடந்த மாஜி ராணுவ வீரர். வியட்நாமில் சேவை செய்தவர். அவரும் அவரைப் போன்றவர்களும் மோட்டார் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு, இறந்த வீரர்களின் சவ ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் துணையாகப் போகிறார்கள். இந்தத் தொண்டு 2005-ஆம் வருஷத்தில் பிறந்ததும் கான்ஸாஸ் ராஜ்யத்திலேதான். விசிட்டாவுக்குத் தெற்கே உள்ள மல்வேன் என்ற ஊரின் மாஜி ராணுவத்தினர் தொடங்கி வைத்தது. ஈராக்கில் மடிந்த வாலிபர்களின் சவ அடக்கத்தின்போது, ஒரு சிறு மதக் கூட்டத்தார் வந்து நின்று, இறந்தவர்களை நிந்திக்கும் பலகைகளை உயர்த்திக் கூச்சலிட்டார்கள். அந்தக் காட்சியும் கூச்சலும் பெற்றோர்களைத் தாக்காதபடி, கொடிகளை ஏந்தி மனிதச் சுவராக நிற்பதற்கென்று கூடிய அவர்கள், எந்தச் சந்தர்ப்பத்திலும் எதிர்க் கூச்சல் போடுவதில்லை என்றும், இறந்தவரின் குடும்பத்தார் அழைத்தாலன்றிப் போவதில்லை என்றும் நியமம் செய்துகொண்டார்கள். பாட்ரியட் கார்டு ரைடர்ஸ் என்ற பெயருடன் அது இன்று அமெரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது.

"எங்களுக்கு யாரும் வந்து நிற்கவில்லை, ஐயா" என்றார் அந்தப் பெரியவர். "நான் திரும்பி வந்தபோது, விமான நிலையத்துக் கழிப்பறையில் சீருடையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சாதாரண உடையில் வீட்டுக்குப் போனேன். அன்று எனக்குக் கிடைக்காததை இன்று இன்னொருவனுக்குக் கொடுக்கிறேன்." அவர் அதைச் சொன்ன குரலில் கசப்பு துளியும் இல்லை. அமெரிக்கா நடத்திய யுத்தங்களைப் பற்றி எனக்குப் பலத்த ஆட்சேபணைகள் உண்டு. அவருக்கும் உண்டு என்பதைப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆனால் யுத்தத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு, அதில் அனுப்பப்பட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளை வேறு என்ற பேதத்தை அவர் அறிந்த அளவுக்குப் பண்டிதர்களே அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இரண்டு தினங்கள் கழித்து அவருடைய கூட்டத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. 1941 டிசம்பர் 7-ந் தேதி பேர்ள் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்களின் டார்பிடோக்களுக்கு இரையாகிக் கவிழ்ந்த ஓக்லஹாமா என்னும் போர்க்கப்பலில் இறந்த 429 பேரில், அக்காலத்தில் அடையாளம் காணப்பட்டவர்கள் 35 பேர்தான். ஏனையோரின் எலும்புகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரே பெட்டிக்குள் பலருடையவையாக, பஞ்ச்போலில் கிடந்தன. 2015-ல் அத்தனை குழிகளையும் திறந்து ஆராயத் தொடங்கி, 360-க்கு மேற்பட்டவர்களுக்குப் பெயர் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப் பெயர் திரும்பப் பெற்ற ஒரு பண்ணைக் குடும்பத்துப் பையன், ஒரு சிறிய ஊருக்கு வருகிறான் என்று செய்தி.

விமான நிலையத்திலிருந்து அந்த ஊர் வரைக்கும் நாங்கள் ஊர்வலத்தின் பின்னே காரில் சென்றோம். முன்னே சவவண்டி, அதற்கும் முன்னே நாற்பது ஐம்பது மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் கொடி. சாலை வயல்களுக்குள் திரும்பியதும் நான் கண்டவற்றை எளிதில் மறக்க முடியாது. அறுவடை யந்திரங்களைச் சாலையோரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டுக் குடியானவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிறு கொடிகளோடு வேலியருகே நின்றார்கள். ஊர் எல்லையில் இரண்டு தீயணைப்பு வண்டிகள் ஏணிகளை உயர்த்தி எதிரெதிராக நின்று, நடுவில் ஒரு பெரிய கொடியைத் தோரணம்போல் தொங்கவிட்டிருந்தன. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவர், நாற்காலியின் கைகளை ஊன்றி, நடுங்கி நடுங்கி எழுந்து, வண்டி கடந்து போகும் வரை ஸல்யூட் செய்துகொண்டு நின்றார். இவர்களில் ஒருவர்கூட அந்தப் பையனைக் கண்ணால் கண்டவர் அல்லர். அவன் இறந்தபோது இவர்களில் அநேகர் பிறக்கவேயில்லை.

அவனை உயிரோடு கண்ட ஒரே ஜீவன், அவன் சகோதரியின் மகளான ஒரு மூதாட்டி. அவருடைய உமிழ்நீரே அவனை அடையாளம் காட்டியது. பேழையினுள் எலும்புகளை ஒரு ராணுவக் கம்பளியில் சுற்றி வைத்து, அதன்மேல் புத்தம்புதிய மாலுமி உடையைப் பதக்கங்களோடு, ஆள் படுத்திருப்பதுபோலவே, பரத்தி ஊசியால் குத்தியிருந்ததை, மூடுவதற்கு முன் தான் பார்த்ததாக அந்த அம்மாள் கூறினார். அவர் அதிகம் பேசவில்லை. காலர் மடிப்பு ஒரு பக்கம் சற்றே புரண்டிருந்ததாகவும், அதைத் தம் கையால் நீவிச் சரிசெய்ததாகவும் மட்டும் சொன்னார். அவனுடைய தாயார், பிள்ளை ஒருநாள் வருவான் என்று தம் சமாதிக்குப் பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் வாங்கிப் போட்டு, பெயரையும் பிறந்த வருஷத்தையும் பொறித்த கல்லை நாட்டிவிட்டுக் கண்மூடியவர். அந்த இடத்திலேயே அவனை அடக்கம் செய்தார்கள்.

மூன்று முறை துப்பாக்கிகள் முழங்கின. அதன் பின்பு 'டாப்ஸ்' என்னும் இருபத்து நான்கு ஸ்வரங்கள் கொண்ட இசையைப் பியூகிளில் வாசித்தார் ஒரு பெண்மணி. குடும்பத்தார் கேட்டுக்கொண்டால், சட்டப்படி, தகுதியுள்ள மாஜி வீரர் ஒவ்வொருவரின் அடக்கத்திலும் இந்த இசை ஒலிக்க வேண்டும். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் ராணுவத்தில் போதாமையால், பல இடங்களில் வாத்தியத்துக்குள் பொருத்திய ஒரு கருவி தானே ஒலிக்க, சிப்பாய் வாசிப்பதுபோல் உதட்டில் வைத்துக்கொண்டு நிற்க நேருகிறது. அதைச் சகிக்காதவர்களான வாத்தியக்காரர்கள், பணம் பெறாமல், அழைத்த இடத்துக்குச் சென்று வாசிக்கிறார்கள். இந்தப் பெண்மணி பள்ளி ஆசிரியை. கொடியைப் பதின்மூன்று மடிப்பாக மடித்து முக்கோணமாக்கி, ஒரு கடற்படை அதிகாரி மண்டியிட்டு மூதாட்டியின் மடியில் வைத்தார்.

பின்னர், ஊர் மண்டபத்தில் எல்லாருக்கும் உணவளித்தார்கள். வாயிலருகே, ஒருவரும் உட்காராத ஒரு சிறு வட்ட மேஜை. வெள்ளை விரிப்பு; ஒரு சிவப்பு ரோஜா; தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, அவர்களுடைய கசந்த விதிக்காக; சிறிது உப்பு, உறவினர் கண்ணீருக்காக; கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளை; ஒரு மெழுகுவர்த்தி; காலி நாற்காலி. காணாமற்போன வீரர்களுக்கு இவ்விதம் இடம் போட்டு வைப்பது அந்நாட்டில் எங்கும் வழக்கம். இன்னும் கணக்கில் வராத அமெரிக்க வீரர் 80,000 பேருக்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் இரண்டாம் உலகப் போரில் மறைந்தவர்கள். கொரியப் போரில் மறைந்தவர்கள் மட்டும் 7,000-க்கு மேல். எதிர்த்தரப்பில் போனவர்களை நினைத்தாலோ மனம் தாளாது. வியட்நாமில் எலும்பு கிடைக்காமல் ஏங்கும் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தன் மண்ணில் கண்டெடுத்த சீன வீரர்களின் எச்சங்களை 2014 முதல் தென் கொரியா சீனாவிடம் ஒப்படைத்து வருவதை அறிந்தபோது, அந்தப் பகைவரிடையே இப்படி ஒரு நாகரிகம் தழைத்ததே என்று மகிழ்ந்தேன்.

ஓர் ஆராய்ச்சிசாலை எலும்புக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கலாம். அரசாங்கம் விமானச் செலவைக் கொடுக்கலாம். இறந்தவனுக்கு உறவினர் இல்லாமற்போன காலத்தில் அவனுக்கு உறவினராக வந்து நிற்பதற்கு மட்டும் எந்தச் சர்க்காரும் உத்தரவு போட முடியாது. அந்தக் காரியத்தை, பெட்ரோல் செலவைத் தாமே போட்டுக்கொண்டு, ஓய்வூதியத்தில் காலங்கழிக்கும் கிழவர்கள் செய்கிறார்கள். நான் அந்நாட்டில் கண்ட அனைத்திலும் உயர்ந்தது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பக்கம் பிரயாணம் செய்கிற தமிழ் அன்பர்கள் இந்நாளில் அநேகர் இருக்கிறார்கள். அவர்கள் பில்ஸனுக்கு ஒரு பகற்பொழுது ஒதுக்க வேண்டும். கபானின் உடல் இருக்கும் விசிட்டா கதீட்ரலுக்கும் போய்வர வேண்டும். வழியில் கொடி கட்டிய மோட்டார் சைக்கிள்கள் ஒரு சவவண்டிக்கு முன்னே வரக் கண்டால், காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, அது கடந்து போகும் வரை நில்லுங்கள். நீங்கள் எந்த ஊர், எந்தத் தேசம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, எங்களையும் கேட்கவில்லை.