தீபம் சொன்ன தூரம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு காலண்டரில் முக்கியமான நாள் பௌர்ணமி. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கோ அமாவாசை.

"அமாவாசையில வானத்துல என்ன இருக்கு?"

"நிலா இல்லைப்பா. அதான் வசதி."

அவளுக்கு இயற்பியல் படிக்க ஆசை. நர்சிங் படித்தால் உடனே வேலை என்கிறார் அப்பா. கடை வருமானத்தில் ஒருமுறைதான் காலேஜுக்குப் பணம் கட்ட முடியும். தப்பாகிவிட்டால் இன்னொரு வாய்ப்பு இல்லை. வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு.

கார்த்திகை தீபம் முடிந்து வந்த அமாவாசைக்கு, ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் ஆயா வீட்டுக்கு இருவரும் போனார்கள். இரவு ஏழரை மணி. தெருவிளக்கு எட்டாத களத்துமேட்டில் நின்று, வடக்கே உயரத்தில் புகைபோலத் தெரிந்த சின்னத் திட்டைக் காட்டினாள்.

"அது ஆண்ட்ரோமெடா. நம்ம பால்வீதி மாதிரி இன்னொரு கேலக்ஸி. அங்கேருந்து வெளிச்சம் வர 25 லட்சம் வருஷம் ஆகுது."

"யாரு போய் அளந்தாங்க?"

"சின்ன வயசுல இங்கேருந்து தீபம் பார்ப்பியே, எப்படித் தெரியும்?"

"பொட்டு மாதிரி. அதைப் பார்த்துட்டுதான் ஆயா வீட்ல விளக்கேத்தும்."

"இப்போ நம்ம கடையிலேருந்து?"

"பெருசா தெரியுது."

"தீபம் ஒண்ணுதானே? அதோட நிஜமான வெளிச்சம் தெரிஞ்சா, எவ்வளவு மங்கலா தெரியுதுன்னு பார்த்தே தூரத்தைக் கணக்குப் போடலாம்."

வானத்திலும் அப்படி விளக்குகள் உண்டு. செஃபீட் வகை விண்மீன்கள் சீரான இடைவெளியில் பிரகாசமாகி, மங்கும். அந்த இடைவெளி நீளமானால் உண்மையான ஒளியும் அதிகம் என்பதை 1912-ல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஹென்ரியட்டா லெவிட். 1923-ல் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்டார் எட்வின் ஹபிள். கணக்குப் போட்டதும், அது பால்வீதிக்கு வெகு வெளியே இருக்கும் தனி கேலக்ஸி என்பது உறுதியானது. கேலக்ஸியின் ஒளியை வானவில்போல் நிறம் நிறமாகப் பிரித்தால், அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன, அது நம்மை நெருங்குகிறதா விலகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இப்படி ஒளியைப் பிரித்துப் பார்க்கும் காவலூர் வானாய்வகம் இருப்பதும் இதே ஜவ்வாது மலையில்தான். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி வந்தது. அதற்கு, அதை உருவாக்கப் பாடுபட்ட வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

அப்பா அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காவலூர்ல பொண்ணுங்க வேலை பார்க்கிறாங்களா?"

"அதை நடத்துறது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். அதுக்கு 2019-ல டைரக்டரா வந்ததே ஒரு பெண்தாம்பா, அன்னபூர்ணி சுப்ரமணியம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஊர் திரும்பும் பஸ்ஸில், போளூர் தாண்டியதும் கேட்டார்:

"அந்தப் படிப்புக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?"