மேல்மேசையில் நான்கு இரவுகள்

சூதாட்டத்தைப் பற்றி எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி எச்சரித்த விடயம் அது. எவருக்கும் அதைப் பரிந்துரைப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு படி மேலே ஏறும்போது மனிதன் தன்னைத்தானே எப்படியெல்லாம் ஏமாற்றிக்கொள்கிறான் என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் ஒரு சீட்டாட்ட மேசையாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் கொழும்பில் பத்திரிகையில் இரவுக் கடமை பார்த்த எங்களுக்கு, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின்னர் விடியும்வரை வீடு திரும்ப வழியிருக்காது. சோதனைச் சாவடிகளைக் கடந்து நள்ளிரவில் நடப்பதைவிடக் காரியாலயத்திலேயே இருந்து 304 விளையாடுவது பாதுகாப்பானது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனங்களுக்குமாக 304. முதல் நான்கு கடதாசிகளைப் பார்த்துக் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் நான் பொறுமைசாலி என்று பெயரெடுத்திருந்தேன். நல்ல கடதாசி வரும்வரை வாய் திறக்கமாட்டேன். அந்தப் பொறுமையைப் பற்றி எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

2007 இல் லண்டனில் அக்கா வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். அக்காவின் மகன் பல்கலைக்கழக மாணவன். இரவில் கணினியில் போக்கர் ஆடுவான். 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடி நுழைவுச்சீட்டு வென்று, லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடரில் 25 இலட்சம் டொலர் பரிசையும் தட்டிச் சென்றதன் பிறகு, உலகெங்கும் இளைஞர்கள் இந்த ஆட்டத்தில் இறங்கியிருந்த காலம் அது. கையில் இரண்டு கடதாசிகள். நடுவில் முதலில் மூன்றும், பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் வைக்கலாம், விலகலாம். விதிகளை அரை மணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டேன். மருமகனிடம் 50 டொலர் பெறுமதியான பணத்தைக் கொடுத்து அதன் கணக்கை நானே ஆடத் தொடங்கினேன்.

கீழ்மேசையில் 5 டொலருடன் அமரலாம். அங்கே ஆடுபவர்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்க மனம் வராது. இரண்டு உதவாக்கடதாசிகளை வைத்துக்கொண்டும் எதிரி வைக்கும் பணத்துக்கு ஈடு வைத்து இறுதிவரை வருவார்கள். அத்தகையோரிடம் சாதுரியம் தேவையில்லை. நல்ல கடதாசிக்காகக் காத்திருந்து, வந்ததும் பணம் வைத்தால் போதும். 304 எனக்குப் பழக்கியிருந்தது அதைத்தான். 5 டொலர் மேசையிலிருந்து 10 டொலர் மேசைக்குப் போனேன். இரண்டு மாதங்களில் 50 டொலர் 300 டொலராயிற்று.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. 25, 50 ஆகிய இரண்டு படிகளையும் தாண்டி நேராக 100 டொலர் மேசையில் போய் அமர்ந்தேன்.

முதல் இரவு 60 டொலர் போயிற்று. கடதாசி சரியில்லை என்று தேற்றிக்கொண்டேன். இரண்டாம் இரவு விசித்திரமான ஒன்று நடந்தது. எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. பணம் வைத்தேன். ஐந்து பேரும் விலகிவிட்டார்கள். அடுத்த கையில் எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. பேசாமலிருந்தேன். உடனே ஒருவர் பணம் வைத்தார். நான் விலகினேன். இரவு முழுவதும் இதுவே நடந்தது. நான் பேசினால் மேசை அமைதியாகும், நான் அமைதியானால் மேசை பேசும். மூன்றாம் இரவில் அதிர்ஷ்டத்தைத் திட்டினேன். நான்காம் இரவில், யாரோ என் கடதாசிகளைக் களவாகப் பார்க்கிறார்கள் என்றே நம்பத் தொடங்கினேன். 300 டொலர் 100 டொலராகியிருந்தது. பயணச் செலவுக்கென்று அக்கா தந்திருந்த 150 பவுணையும் கணக்கில் சேர்த்துவிடலாமென்று எழுந்துபோய் உறையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன்.

அப்பொழுதுதான் மருமகன் அறைக்குள் வந்தான். உறையைப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, கணினியில் பதிவாகியிருந்த எனது ஆட்டங்களைத் திறந்தான்.

"மாமா, ஒருத்தரும் உங்கட கடதாசியைப் பார்க்கேல்லை. நீங்கள்தான் காட்டுறீங்கள்."

பின்னர் ஒரு கணக்கைக் காட்டினான். சோடியில்லாத இரண்டு கடதாசிகள் கையிலிருந்தால், நடுவில் விழும் முதல் மூன்றில் ஒன்றாவது அவற்றுடன் சோடி சேர்வது மூன்று தடவைகளில் ஏறக்குறைய ஒரு தடவைதான். சோடி சேராவிட்டால் நான் விலகிவிடுவேன். அதாவது மூன்றில் இரண்டு தடவை விலகுவேன். நடுவில் 6 டொலர் இருக்கும்போது எதிரி 3 டொலர் வைத்துப் பயமுறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் இரண்டு தடவை விலகினால் அவருக்கு 12 டொலர் வரவு. மூன்றாவது தடவை அவர் 3 டொலரை இழந்தாலும் மிச்சம் 9 டொலர். நான் மூன்றில் ஒரு தடவை விலகினாலே அவருக்கு முதல் தேறிவிடும். நானோ அதைப்போல் இரு மடங்கு விலகிக்கொண்டிருந்தேன். அவர் கையில் என்ன இருந்தாலும் ஒன்றுதான். அவர் கடதாசியை அல்ல, என்னைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

கீழ்மேசையில் எனக்குப் பணம் தந்த அதே பொறுமைதான் மேல்மேசையில் என் பணத்தைப் பறித்தது என்பதை ஏற்றுக்கொள்ள வெகுநேரம் பிடித்தது. என் திறமை குறைந்துவிடவில்லை. அது மற்றவர்களுக்கும் தெரிந்த திறமையாகிவிட்டது. அங்கே தாக்குப்பிடிப்பதென்றால், பொருந்தாத கையுடனும் சில தடவை பணம் வைக்கவேண்டும். எதிரியின் பயமுறுத்தலுக்கு நடுத்தரமான கையுடனும் சில தடவை ஈடு கொடுக்கவேண்டும். மற்றவர்கள் பேசிய பின் கடைசியாகப் பேசும் இடம் வாய்க்கும்போது கூடுதலான கைகளை ஆடவேண்டும். இவையெல்லாம் கற்கக்கூடியவை. ஆனால் இருந்த பணத்தில் மூன்றிலொரு பங்கை ஒரே மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சு படபடக்க எதையும் கற்க முடியாது.

கிறிஸ் பெர்கஸன் என்ற ஆட்டக்காரர் 2006 இல் வெறுங்கையுடன் இலவசப் போட்டிகளில் தொடங்கி 2007 இல் 10,000 டொலரை எட்டியிருந்தார். மிகச் சிறிய மேசைகள் நீங்கலாக, கையிருப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. தோற்றுக் கையிருப்புக் குறைந்தால் தானாகவே கீழே இறங்கவேண்டியதுதான். மருமகன் அதைச் சொன்னபோது நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். 100 டொலரில் நூற்றுக்கு ஐந்து, 5 டொலர். தொடங்கிய இடம்!

உறையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த இரவு 5 டொலர் மேசையில் அமர்ந்தபோது, தலைநகரில் வேலை கிடைத்துப் போனவன் ஒரு வாரத்தில் பெட்டியுடன் ஊர் திரும்பியதைப் போன்ற கூச்சம். ஆனால் அங்கே இழக்கக்கூடியது சொற்பம். பொருந்தாத கையுடன் பணம் வைத்துப் பழகினேன். பலமுறை பிடிபட்டேன். லண்டனை விட்டுப் புறப்பட்ட நாளில் கணக்கில் 130 டொலரளவில் இருந்தது. அதன்பின் பணம் வைத்து ஆடவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்திகளை வாசிப்பதை விடவில்லை.

மேலே போகப் போக இது இன்னும் கடுமையாவதைக் கண்டேன். 2009 இன் இறுதியில் விக்டர் புளொம் என்ற பத்தொன்பது வயதுச் சுவீடன் இளைஞன், இணையத்தின் மிக உயர்ந்த மேசைகளில் இலட்சக்கணக்கான டொலர்களை வென்று பெரிய பெயர்களையெல்லாம் திகைக்கவைத்தான். டிசம்பரில் பிறையன் ஹேஸ்டிங்ஸ் என்பவர் ஒரே அமர்வில் அவனிடமிருந்து சுமார் 42 இலட்சம் டொலர் வென்றார். தாமும் நண்பர்களுமாக அவனது பழைய ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்திருந்ததாக ஹேஸ்டிங்ஸ் பின்னர் கூறினார். அது முறையா என்ற சர்ச்சையும் எழுந்தது. என் விடயத்தில் அவ்வளவு ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கவில்லை.

எனினும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த போட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட லிப்ராடஸ் என்ற கணினி நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களுடன் இருபது நாட்களில் 1,20,000 கைகள் ஆடி நால்வரையும் வென்றது. அவர்கள் பகலில் அதன் ஓட்டைகளைத் தேடினார்கள். அது இரவில், அன்று அவர்கள் தட்டிப்பார்த்த இடங்களை எடுத்துத் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. அந்த இயந்திரத்துக்குக் கடதாசியைக் குறைசொல்லத் தெரியாது. யாரோ களவாகப் பார்க்கிறார்கள் என்று சந்தேகிக்கவும் தெரியாது. நான் அந்த நான்கு இரவுகளிலும் செய்தது அவ்விரண்டையும் மட்டுமே.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. கொழும்பில் எங்களுடன் 304 ஆடியவர்களில் பக்க வடிவமைப்பாளர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர். ஒரு நாள் நான் வழமைபோல் பொறுமையாக இருந்து வெற்றிபெற்றபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி கேள்வி கேட்டால் ஜாக்கும் ஒன்பதும் இருக்கு. கேக்காட்டி ஒண்டுமில்லை. தம்பியின்ரை கடதாசியைப் பார்க்கத் தேவையில்லை, வாயைப் பார்த்தால் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, பத்து வருடங்களுக்கு மேலாகச் சுமந்து திரிந்து, லண்டனில் 200 டொலர் கொடுத்துத்தான் அதன் பொருளை அறிந்துகொண்டேன்.