வேர்க்கொம்புக் கோப்பியும் செல்லப்பாவின் கதையும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தபொழுது நகையை முதலில் வைத்தார். அழுகையை அதன் அருகிலேயே வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறினார். மெய்ப்பாட்டியலைப் பாடங் கேட்ட நாள்களில் இந்நான்கிற்கும் எடுத்துக்காட்டுத் தேடி என்னுடன் பயின்றோர் உரைநூல்களைப் புரட்டினர். எனக்கு அத்தொல்லை இருக்கவில்லை. வேண்டிய எடுத்துக்காட்டுகள் யாவும் கிளிநொச்சிப் படமாளிகையின் மரவாங்குகளில் இருந்தபொழுதே கிடைத்திருந்தன. எள்ளல் என்றதும் தருமியும், பேதைமை என்றதும் பாலையாவின் முகமும் நினைவில் வந்து நிற்கும். தமிழ்ச்சங்க மலரொன்றில் கோப்பியையும் நகைச்சுவைப் படங்களையும் பற்றி எழுதுவது தகுமோ என ஐயுறுவோர்க்கு, தொல்காப்பியரையே பிணையாக நிறுத்துகின்றேன். கோப்பிக்கு அவர் பிணை நிற்கமாட்டார்; அதற்கு என் தாயார் நிற்பார்.

தமிழ்நாட்டார் காப்பி என்பர். நாம் கோப்பி என்போம். வேறுபாடு பெயரளவில் மட்டும் அன்று. வடிகட்டியில் சொட்டிறங்கிய சாற்றுடன் பாலைக் கலந்து, டபராவில் நுரை பொங்க ஆற்றுவது அவர்களுடைய காப்பி. அதனைத் திரையில் பார்த்திருக்கின்றோமேயன்றி நாவில் அறியோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கோப்பி என்பது பெரும்பாலும் பால் கலவாத கறுத்த நீர், வேர்க்கொம்பும் மல்லியும் உடன் வறுபட்டது, தடிமனுக்கு மருந்து, சிவராத்திரி விழிப்புக்குத் துணை, செத்த வீட்டில் வந்தோர்க்கெல்லாம் கொடுக்கப்படுவது. ஆ. இரா. வேங்கடாசலபதி தமது 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில், தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வகுப்பின் மேன்மைக்கு அடையாளமானதையும், தேநீர் உழைப்பாளருக்குரியதாக எண்ணப்பட்டதையும் விளக்கியுள்ளார். எம்மூரில் இது தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பால் தேநீர். இரவுக் காவலுக்கும் துக்கத்துக்கும் கோப்பி.

பரந்தன் ஒரு சந்தி. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கும் பூநகரிக்கும் வழிகள் பிரியுமிடம். வடக்கே ஆனையிறவு உப்பளம், தெற்கே இரணைமடுக் குளம். ஒன்றின் உப்பும் மற்றதன் நீரும் எங்கள் வாழ்வை நடத்தின. உப்பைக் கரைத்து அதனூடே மின்னைச் செலுத்தி எரிசோடாவும் குளோரினும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலையில் என் தந்தையார் முறைவேலை பார்த்தார். இரவுமுறை என்றால், மாலையில் போத்தல் ஒன்றில் கோப்பியை ஊற்றித் துணி சுற்றிக் கொடுத்தனுப்புவார் அம்மா. குளோரின் வாசனையைத் தொண்டையிலிருந்து கழுவுவதற்கு வேர்க்கொம்பைவிடச் சிறந்தது இல்லை என்பது அவ்வாலைத் தொழிலாளர் கொள்கை. அதில் எவ்வளவு அறிவியல் உண்டோ, அவர்கள் அதனை ஒரு மந்திரம்போல நம்பினர்.

அம்மா கோப்பியை இடிக்கும் நாள் வீட்டில் ஒரு சிறு திருவிழா. காய்ந்த கொட்டையைத் தாச்சியில் இட்டு, தீயை அடக்கி, அகப்பையை நிறுத்தாமல் வறுப்பார். கொட்டை வெடித்து எண்ணெய் கசியத் தொடங்கும் தறுவாயில் மல்லியை இடவேண்டும். முந்தினால் மல்லி கரியாகும், பிந்தினால் பச்சை மணம் போகாது. வேர்க்கொம்பை முன்னரே தட்டி வைத்திருப்பார். உரலில் இடித்து, அரிதட்டில் அரித்து, மீந்த கப்பியை மீண்டும் இடித்து, சூடு ஆறுமுன் போத்தலில் அடைப்பார். மூக்குப்பேணியில் வார்த்து, வாய் படாமல் அண்ணாந்து குடித்து, இடையிடையே பனங்கட்டியைக் கடித்துக்கொள்வது எங்கள் முறை. சீனி இட்டுக் கலக்கிய கோப்பியை என் தந்தையார் நோயாளிகளுக்கு உரியதென்று ஒதுக்குவார்.

இந்தக் கொட்டைக்கும் வன்னிக்கும் ஓர் உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஓரமாக மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுட் சிலர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அதே வன்னிக்கு ஏதிலிகளாகத் திரும்பி வந்தனர். எங்கள் ஒழுங்கையில் குடியேறிய மூதாட்டி ஒருவரை நாங்கள் மாத்தளை ஆச்சி என்று அழைத்தோம். மூட்டை முடிச்சுகளோடு அவர் கொண்டுவந்தவை நான்கு கோப்பிக் கன்றுகள். பரந்தன் வெயிலில் மூன்று பட்டுப்போயின. எங்கள் கிணற்றடி வாய்க்காலோரம், வாழை நிழலில் வைத்த ஒன்று மட்டும் பிழைத்து, ஆண்டுக்கு இரண்டு கைப்பிடி பழம் தந்தது. அந்த இரண்டு கைப்பிடியையும் கடையில் வாங்கிய கொட்டையோடு கலந்தபின், "இது எங்கட தோட்டத்துக் கோப்பி" என்று வந்தோரிடமெல்லாம் அம்மா சொல்வார். ஆச்சி அருகிலிருந்து தலையசைப்பார்.

இனிப் படங்களுக்கு வருவோம். எங்கள் தலைமுறையினர் நகைச்சுவைப் படங்களை முதலில் பார்க்கவில்லை, கேட்டோம். கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் ஒலிபெருக்கி கட்டினால், 'திருவிளையாடல்' வசன இசைத்தட்டு ஒரு முறையேனும் சுழலாமற் போகாது. 1965இல் வெளிவந்த அப்படத்தை நான் திரையிற் கண்டது பல ஆண்டுகள் கழித்து. அதற்குள் தருமியின் புலம்பல் முழுவதும் மனப்பாடம். அக்காட்சியின் தனிப்பேச்சிற் பெரும்பகுதியை நாகேஷ் தாமே படப்பிடிப்புத் தளத்தில் இட்டுக்கட்டினார் என்பர். வறுமையும் ஆசையும் அச்சமும் ஒரே மூச்சில் இடறி விழும் அப்பேச்சைக் கேட்டால் அது உண்மையென்றே தோன்றும்.

ஆயினும் என் நெஞ்சுக்கு நெருங்கியது, ஸ்ரீதர் 1964இல் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. அதில் நாகேஷ் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா. பாலையா பணம் படைத்த தந்தை. தான் எடுக்கவிருக்கும் திகிற்படத்தின் கதையை மகன் தந்தைக்குச் சொல்கிறான், அவ்வளவுதான் காட்சி. கதை என்று ஒன்றும் இல்லை. கதவு கிறீச்சிடும் ஒலியும் காலடி ஒலியும் மட்டுமே உள்ளன. சிரிப்பைச் சொல்பவர் விளைக்கவில்லை என்பது என் கருத்து, கேட்பவரே விளைக்கின்றார். பாலையா முதலில் அலட்சியமாக, பின்னர் ஆர்வமாக, பின்னர் நாற்காலியை விட்டும் எழமுடியாத நடுக்கத்தோடு கேட்கின்றார். அச்சம் என்னும் மெய்ப்பாடு ஒருவர் முகத்தில் ஏற ஏற, பார்ப்போரிடம் நகை ஏறுகின்றது. இரண்டு பேரும் ஓர் இருக்கையும் இருந்தால் இக்காட்சியை எங்கும் நடத்தலாம். திரையும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. இதன் பயன் பின்னர் தெரியும்.

வீட்டிற் சிரித்தறியாத என் தந்தையார் படமாளிகையில் அக்காட்சிக்குச் சிரித்ததை நான் கண்டேன். ஒலியில்லாத சிரிப்பு, தோள்கள் மட்டும் குலுங்கின. அருகிலிருந்த அம்மா படத்தை விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' கோப்பியையும் சிரிப்பையும் ஒருங்கே கொண்ட படம். உணவகப் பரிசாரகன் ஒருவன் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகனாகின்றான். ஆனாற் புகழ் அவன் கேட்டது எதனையும் தரவில்லை. அம்மாவுக்கு அப்படம் பிடிக்காது. "சிரிக்கப் போன இடத்தில அழ வைச்சால், கொடுத்த காசு ஆருக்கு?" என்பது அவர் விமரிசனம். நான் உடன்படுவதில்லை, எனினும் நேர்மையான விமரிசனம் என்றே கொள்கின்றேன்.

ஈழத்துக்கென ஒரு சிரிப்பு உண்டென்று காட்டியது 1976இல் வந்த 'கோமாளிகள்'. வானொலித் தொடராகப் புகழ்பெற்றுப் பின்னர் படமானது. ராம்தாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி, அப்துல் ஹமீதின் ஐயர் என நால்வரும் நான்கு வகைத் தமிழ் பேசினர். படமாக்கிய திறத்தில் குறைகள் பல. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்புக்குட்டியின் வாயிலாகத் திரையில் ஒலித்தபொழுது படமாளிகையில் எழுந்த ஆரவாரம் சென்னைப் படம் எதற்கும் எழுந்ததில்லை. அக்காலத்துக் கேலிகளிற் சில இன்று கூசவைக்கும். எனினும் அந்நால்வரையும் ஒரே அறையில் வைத்துச் சிரிக்கமுடிந்த நாடு ஒன்று இருந்தது என்பதற்கு அப்படம் சான்று.

1980களில் போர் மூண்டபின் ஆலை நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. பொருளாதாரத் தடை வந்ததும் மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் எல்லாம் அரும்பொருளாயின. கோப்பிக்கொட்டை கிடைக்காத மாதங்களில் மல்லியையும் வேர்க்கொம்பையும் மட்டும் வறுத்து இடித்து, அதையும் கோப்பி என்றே அழைத்தோம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. எப்பொழுதாவது ஒரு வீட்டில் மின்பிறப்பாக்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு வரும். எரிபொருள் முடிந்தால் படமும் முடியும். ஒரு முறை 'காதலிக்க நேரமில்லை' ஓடிக்கொண்டிருக்கையில், செல்லப்பா கதை தொடங்குமுன் எந்திரம் அடங்கிவிட்டது. இருளில் எவரும் எழவில்லை. என் தம்பி எழுந்து செல்லப்பா ஆனான். என் தந்தையார், யாரும் எதிர்பாராவண்ணம், பாலையா ஆனார். அன்று முதல் எங்கள் ஒழுங்கையில் இருளான இரவுகளில் அது வழக்கமாயிற்று; தந்தையார் நோயுற்று இறக்கும்வரை நடந்தது.

2009 சனவரி முதல் நாள் பரந்தன் இராணுவத்தின் வசமானது. அதற்கு முன்னரே நாங்கள் முல்லைத்தீவு வீதியால் கிழக்கே பெயர்ந்திருந்தோம். தம்பியை அவ்வாண்டு மார்ச்சில் இழந்தோம். அதனைப் பற்றி இங்கு விரித்தெழுதமாட்டேன். கிரியை எதுவும் செய்ய இயலவில்லை. புதைத்த இடத்தைப் பின்னர் தேடவும் வழி இருக்கவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தபின் அம்மா பேசுவதை ஏறத்தாழ நிறுத்திக்கொண்டார். கேட்டால் விடையளிப்பார், அழவும் இல்லை.

யூலை மாதம், கடலை சுற்றி வந்த பழைய பத்திரிகைத் தாளொன்றில் நாகேஷின் படம் இருந்தது. 2009 சனவரி 31ஆம் நாள் சென்னையில் இறந்தார் என்னும் செய்தி. நாங்கள் உடையார்கட்டுப் பக்கம் பதுங்குகுழியில் இருந்த நாள்.

"ஆரடா அது?" என்றார் அம்மா.

"நாகேஷ் அம்மா. தை மாதக் கடைசியில செத்திட்டாராம்."

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார், இழவு சொல்லாமல் விட்ட உறவினரைக் குறைகூறுவதுபோல. பின்னர், "கோப்பி வைக்கவேணும்" என்று எழுந்தார்.

கொட்டை ஏது? அயற்கூடாரங்களிற் கேட்டு ஒரு பிடி மல்லி, ஒரு துண்டு வேர்க்கொம்பு, நிவாரணச் சீனி சிறிது. பேணிகளுக்குப் பதில் வெட்டிய போத்தல்கள். வரிசையில் எட்டுப் பத்துப் பேர் தறப்பாளின்கீழ் வந்து அமர்ந்தனர். செத்த வீட்டுக்கு வந்தோர்போலவே அமைதியாகக் குடித்தனர். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒருவர், தம்பியின் தோழர், "அவன் நல்லாச் சொல்லுவான், என்ன?" என்றார். எவனென்று எவரும் கேட்கவில்லை. அவரே கதவு கிறீச்சிடும் ஒலியை வாயால் எழுப்பினார். பாலையாவாக யாரும் முன்வராததால் நான் நடுங்கவேண்டியதாயிற்று. அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னர் அது இயலாது சிரித்தார். அச்சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதது அன்றுதான் முதன்முறை. பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு உடன் அழுதனர், ஒப்பாரியும் எழுந்தது. கதை சொல்லியவர் கையில் ஆறிய கோப்பியோடு வெளியே போய் நின்றார்.

2010இற் பரந்தனுக்கு மீண்டோம். கூரை இல்லை, கிணற்றடிக் கோப்பிச் செடியும் இல்லை. உரல் மட்டும் மண்ணுட் புதைந்து கிடந்தது. இப்பொழுது சந்திக் கடைகளில் உடனடிக் கோப்பி சிறு பொதிகளில் தொங்குகின்றது. படங்கள் கைத்தொலைபேசியில் வருகின்றன. என் மருமகன் வடிவேலுவின் பக்தன். 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'க்கு முன் உங்கள் நாகேஷ் எம்மாத்திரம் என்று வாதிடுவான். அவன் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ஆனால் மின்சாரம் நின்ற இரவொன்றில் புலிகேசியைச் சொல்லிக் காட்டு என்றால், உடையும் மீசையும் இல்லாமல் முடியாது என்கிறான். அம்மாவுக்கு இப்பொழுது கை நடுங்குகின்றது. வறுப்பது நான், மல்லியை எப்பொழுது இடவேண்டுமென்று வாசலில் இருந்தபடி மணத்தைக் கொண்டே சொல்வது அவர்.