பாப்பா படமும் வெளிச்சக் கணக்கும்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேமராவைத் திருப்புவது மேகத்தின் பக்கம்தான். மேகம் பாவம், நின்று நிதானமாகப் படம் எடுக்க விடும். அருவியும் அப்படியே, அது எங்கேயும் ஓடிப்போகாது. இந்த மலையின் பேரோடு சேர்ந்த கொல்லிப்பாவையைக் கேட்கவே வேண்டாம். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அழகு குறையாமல் நிற்கும் பாவை என்று சங்கப் புலவர்களே பாடி வைத்திருக்கிறார்கள்.

கஷ்டம் எல்லாம் வீட்டுக்குள் தவழ்கிற பாப்பாவைப் படம் எடுப்பதில்தான்!

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மழைக்காலம், காலை பத்து மணிக்கும் வெளியே மூட்டமாக இருக்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியாயிற்று. கூடத்தில் ஒரே ஒரு பல்பு. எட்டு மாதக் குழந்தை தவழப் பழகி இரண்டு வாரம்தான் ஆகிறது. காலேஜ் லீவில் வந்திருக்கும் தாய்மாமன் கையில் நண்பனிடம் இரவல் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா.

"டேய் தம்பி, ஃப்ளாஷ் கிளாஷ் போட்டுறாதடா. இப்பத்தான் தூங்கி எழுந்துச்சு, மிரண்டு அழுதுரும்" என்கிறாள் அக்கா.

தம்பியும் சமர்த்தாக ஃப்ளாஷை மூடிவிட்டு நாற்பது படம் எடுக்கிறான். முப்பத்தெட்டில் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை. மீதி இரண்டில் பாய் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது :-)

கேமரா மட்டம் என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது ரொம்பச் சுலபம், ஏனென்றால் இது வீட்டு பட்ஜெட்டேதான்.

வரவு கம்மி, செலவு மூன்று

படம் ஒன்றுக்குத் தேவையான வெளிச்சத்தை மூன்று வழிகளில் திரட்டலாம். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாகத் திறக்கலாம் (அபெர்ச்சர்). ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். வந்த வெளிச்சம் போதாவிட்டால் அதைப் பெருக்கிக் காட்டச் சொல்லலாம் (ஐ.எஸ்.ஓ.). மூன்றுக்கும் விலை உண்டு. துவாரம் பெரிதானால் ஃபோகஸ் ஆகும் ஆழம் குறையும். ஷட்டர் நேரம் கூடினால் அசைவது எல்லாம் கலங்கும். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போலத் தெரியும்.

தம்பியின் கதைக்கு வருவோம். மங்கலான கூடம். கேமராவோடு வந்த சாதாரண கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐ.எஸ்.ஓ. 100இல் வைத்தால் அந்த வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 1 நொடி ஷட்டர் வேண்டும். ஒரு நொடியில் எட்டு மாதக் குழந்தை கேமராவைப் பார்த்து, சிரித்து, திரும்பி, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தே முடித்திருக்கும். ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்றினால் 1/16 நொடி. இதுவும் போதாது. சும்மா உட்கார்ந்து சிரிக்கும் குழந்தைக்கே 1/125 நொடியாவது இருப்பது நல்லது. தவழ்கிற குழந்தைக்கு 1/250. கையைக் காலை உதறும் நேரத்தில் 1/500கூட வேண்டியிருக்கும்.

லென்ஸில் இருக்கிற 'ஆட்டம் தடுக்கும்' வசதி இங்கே உதவாதா என்று கேட்கலாம். உதவாது. அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்த எந்தக் கம்பெனியும் இதுவரை ஒரு வசதி கண்டுபிடிக்கவில்லை.

வரவு போதாத வீட்டில் எந்தச் செலவைக் குறைப்பது? அரிசியில் கை வைக்க மாட்டார்கள், தீபாவளித் துணியில்தான் வைப்பார்கள். பாப்பா படத்தில் ஷட்டர் வேகம்தான் அரிசி. புள்ளி இல்லாத வழவழப்பு, துணி. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டப் பலருக்கும் மனசு வராது, படம் கெட்டுவிடும் என்று பயம். ஆனால் புள்ளி விழுந்த படத்தில் குழந்தையின் முகம் இருக்கும். கலங்கிய படத்தில் முகமே இருக்காது. புள்ளியை அப்புறம் கம்ப்யூட்டரில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், கறுப்பு வெள்ளையாக மாற்றினால் அதுவே ஒரு அழகாகவும் இருக்கும். கலங்கிப்போன கண்ணை எந்த மென்பொருளும் உள்ளபடி திருப்பித் தராது. அது ஊகித்து வரைகிற கண் வேறு யாருடைய கண்ணாகவோ இருக்கும்!

பத்து மடங்கு வாங்கலாம், எட்டு மடங்கு இலவசம்

எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கிடைத்தால் எஃப் 5.6ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே கூடம், அதே ஐ.எஸ்.ஓ. 1600. இப்போது ஷட்டர் 1/160 நொடிக்கு வந்துவிடும். கேனான் இந்த வகையில் மலிவான லென்ஸ் ஒன்றை 1990இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2009இல் வந்தது. சின்ன அறைக்கு 35 ரொம்ப வசதி, சுவரில் முதுகு இடிக்காமல் எடுக்கலாம்.

இதற்கும் விலை உண்டு என்றோமே. சாதாரண டி.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், துல்லியமாகத் தெரிகிற ஆழம் சுமார் 3 செ.மீ.தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். குழந்தை கேமராவை நோக்கித் தவழ்ந்து வந்தால் ஃபோகஸ் செய்வதற்குள் அந்த மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். அதனால் குழந்தை குறுக்கே போகிற மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்வது புத்திசாலித்தனம். ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறையில் (கேனானில் ஏ.ஐ. சர்வோ, நிக்கானில் ஏ.எஃப்.-சி) வைத்துக் கண்ணைக் குறிபார்க்க வேண்டும்.

சரி, இரவல் கேமராக்காரன் லென்ஸுக்கு எங்கே போவான்? அவனுக்கும் வழி இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படிக்கு உள்பக்கம் பாயைப் போட்டு உட்கார வைத்தால் போதும். கூடத்தின் நடுவில் இருப்பதைவிட அங்கே எட்டு மடங்கு வெளிச்சம் கிடைப்பது சர்வ சாதாரணம். கிட் லென்ஸிலேயே 1/16 நொடி 1/125 ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை! மூட்டமான நாள் என்றால் இன்னும் நல்லது, மேகம் முழுவதும் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினது போல வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும். முகத்தில் கறுப்பு நிழல் விழாது. கொல்லிமலையின் மூடுபனியைக் குறை சொல்கிறவர்கள் பாப்பா படம் எடுத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

ஒன்று மட்டும் கவனம். வாசலைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் குழந்தை கரிக்கட்டையாகத் தெரியும். எடுப்பவர் வாசல் பக்கமாகவோ பக்கவாட்டிலோ உட்கார்ந்து, குழந்தையின் முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே கூடத்து பல்பை அணைத்துவிடலாம். இல்லாவிட்டால் முகத்தில் பாதி நீலம், பாதி மஞ்சள்.

ராத்திரி ட்யூப் லைட்டில் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டும் மலிவான சில எல்.ஈ.டி. பல்புகளும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை ரொம்ப ஏற்றினால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும், சில சமயம் குறுக்கே பட்டை விழும். அப்போது 1/100இல் வைத்து, குழந்தை அசையாத நொடிக்குக் காத்திருப்பதே வழி.

அசையாத நொடி

அப்படி ஒரு நொடி உண்டா? உண்டு. தூங்கி எழுந்ததும் குழந்தை கொஞ்ச நேரம் திருதிருவென்று முழிக்கும். புதுப் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்தால், ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும், அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றுவிடும். சிரிப்பு உச்சத்துக்குப் போய்த் திரும்புகிற இடத்திலும் முகம் ஒரு கணம் நிற்கும். தரையோடு தரையாகப் படுத்து, கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்தில் வைத்துக் காத்திருக்க வேண்டும். செம்மேட்டில் சிலையாக நிற்கிற வல்வில் ஓரிக்கு ஒரே அம்பில் பல மிருகங்கள் விழுந்ததாகப் புறநானூறு சொல்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பர்ஸ்ட் மோடில் ஐந்தாறு படங்களாகத் தட்டி, ஒன்று தேறினால் சந்தோஷப்பட வேண்டியதுதான்.

செல்போன்காரர்களும் இதைக் கவனிக்கலாம். 2018இல் கூகுள் கொண்டுவந்த நைட் சைட்டும், அதற்குப் பின் எல்லா போன்களிலும் வந்த இரவு வசதிகளும் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிற வித்தை. அசையாத கோபுரத்துக்கு அற்புதம். துள்ளுகிற பாப்பாவுக்கு அதை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவதே மேல்.

இந்தத் தவிப்பு புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அம்மா தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்து குழந்தையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் படங்களுக்கு இன்று 'ஒளிந்திருக்கும் அம்மா' என்றே பெயர். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் 1864இல் தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தது ஒரு சிறுமியின் படத்தைத்தான். அவர் படங்களில் மங்கலும் கலங்கலும் இருப்பதாக அந்தக் காலத்தில் ஏகப்பட்ட குறை சொன்னார்கள். 1875இல் இலங்கைக்குப் போய், தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்து, 1879இல் அங்கேயே இறந்தார். குறை சொன்னவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. படங்கள் இருக்கின்றன.

ஃப்ளாஷுக்கும் ஒரு நாள்

ஃப்ளாஷ் பட்டால் குழந்தையின் கண் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சாதாரண கேமரா ஃப்ளாஷால் அப்படி ஆகாது என்பதே கண் மருத்துவர்கள் சொல்வது. குழந்தை திடுக்கிடும், முகம் தட்டையாக வெளுக்கும், பின்னால் இருப்பது இருட்டாகும். அதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

ஆனால் எப்போதாவது ஒரு படம் ஃப்ளாஷோடு எடுத்து வைப்பது நல்லது. நேராகப் பார்க்கிற கண்ணில் ஃப்ளாஷ் பட்டால் பாவை சிவப்பாகத் தெரியும். அதைக் குறை என்று நினைக்கிறோம், அது ஆரோக்கியத்தின் அடையாளம். ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் திரும்பத் திரும்ப வந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேமரா கோணத்தாலும் அப்படி வரலாம். கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்த நோய் வந்தது. வீட்டில் எடுத்த பழைய படங்களை அவர் புரட்டிப் பார்த்தபோது, மகன் 12 நாள் குழந்தையாக இருந்த படத்திலேயே அந்த வெள்ளை தெரிந்தது. 2013இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல சமயம் பார்வையையும் காப்பாற்ற முடிகிற நோய் இது. படத்தில் வெள்ளை தெரியவில்லை என்பதாலேயே கவலை இல்லை என்றும் அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் மருத்துவர்தான்.

கடைசியாக, பிரிண்ட்

எடுத்த படங்கள் போனிலேயே கிடக்கும். போன் கீழே விழும், தண்ணீரில் நனையும், தொலையும். அதோடு எட்டாவது மாதமும் போய்விடும். நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பி நாலுக்கு ஆறு அளவில் நாலைந்து படங்களைப் பிரிண்ட் போட்டுவிடுவது நல்லது. அந்த அளவுக்கு இரண்டு மெகாபிக்ஸல் சொச்சமே போதும் என்பதால், திரையில் பெரிதாக்கிப் பார்த்து நொந்துகொண்ட புள்ளிகள் பாதிக்குமேல் காணாமல் போயிருக்கும்.

நம் வீட்டுப் பாட்டிகளிடம் அவர்கள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். ஒரு படம் இருந்திருந்தால் அது புள்ளியா, மங்கலா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? முகம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே மாமன்மார்களே, ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றுங்கள், பாயை வாசல் பக்கம் இழுத்துப் போடுங்கள்.